என் மகள் எடுத்த குதிரைகள்

முதல் சீட்டை எழுதியது நான்தான். பிறகு நடந்ததற்கெல்லாம் கொழுந்தனையும் கணவரையும் குறை சொல்லும்போது இந்த ஒன்றை மட்டும் விட்டுவிடுவேன். இங்கே விடாமல் எழுதிவிடுகிறேன்.

மகளுக்கு இரண்டு வயது முடிந்ததும் எனக்கு வீட்டிலிருந்தே செய்யும் வேலை ஒன்று கிடைத்தது. இங்கிலாந்தில் நடக்கும் குதிரைப் பந்தயங்களில் எது ஜெயிக்கக்கூடும் என்று ஆங்கிலத்தில் எழுதித் தர வேண்டும். நான் இருந்தது கோச்சடையில், மாடிப் போர்ஷனில். அருகில் நின்று பார்த்த ஒரே குதிரை சித்திரை மாதம் சாமி ஏறி ஆற்றில் இறங்கும் தங்கக் குதிரைதான். ஆனால் அந்த வேலைக்குக் குதிரை தேவைப்படவில்லை. எண்களைப் படிக்கத் தெரிந்தால் போதும். மிஷன் கல்லூரியில் கணிதம் படித்த எனக்கு அது தெரியும். நான் எழுதி அனுப்புவது ஒரு வெள்ளைக்காரர் பெயரில், தொப்பி வைத்த அவருடைய படத்துடன் வெளியாகும். அப்படி ஒருவர் இருக்கிறாரா என்று நான் கேட்டதில்லை.

எனக்குக் கொடுத்திருந்தது வழியில் நிறுத்திய தட்டிகளைத் தாண்டி ஓடும் பந்தயங்கள். அவற்றிலும் ஹேண்டிகேப் என்று ஒரு வகை. நன்றாக ஓடும் குதிரைக்கு முதுகில் கூடுதல் எடை, சுமாராக ஓடுவதற்குக் குறைந்த எடை. எல்லாக் குதிரைகளும் ஒரே சமயத்தில் கோட்டைத் தொட வேண்டும் என்று ஓர் அதிகாரி உட்கார்ந்து கணக்குப் போடுகிறார். போன மாதம் ஜெயித்திருந்தால் இந்த மாதம் அதற்குத் தண்டனை. கல்யாணமாகி வந்த பெண்ணுக்கு இந்த ஏற்பாட்டை யாரும் விளக்கத் தேவையில்லை.

ஒவ்வொரு குதிரையின் பெயருக்கு முன்னாலும் அதன் கடைசி ஓட்டங்களின் முடிவு எண்ணாகவும் எழுத்தாகவும் இருக்கும். ஒன்று என்றால் முதலிடம். எஃப் என்றால் விழுந்தது. பி என்றால் ஓட முடியாமல் பாதியில் நிறுத்தியது. அந்த வரிசை, சுமக்கும் எடை, தரை ஈரமா காய்ந்ததா, ஜாக்கி யார், கடைசியாக ஓடி எத்தனை நாள் ஆயிற்று என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பதினாறு குதிரைகளில் பதினான்கை என்னால் கழித்துவிட முடியும். இதில் எனக்குத் தயக்கமே வராது. மிச்சம் நிற்கும் இரண்டில்தான் உயிர் போகும். பரீட்சையில் சரியான விடையை எழுதிவிட்டு, கடைசி ஐந்து நிமிடத்தில் அதை அடித்துத் தவறானதை எழுதிவிட்டு வந்த மாணவி நான்.

கட்டுரையை மதியம் ஒரு மணிக்குள் அனுப்ப வேண்டும். ஒரு நாள் மணி பன்னிரண்டே முக்கால். மூன்றரை வயது மகள் என் காலடியில் உட்கார்ந்து பழைய தாளைக் கிழித்துக்கொண்டிருந்தாள். எனக்கு இரண்டு குதிரைகள் மிச்சம்.

எங்கள் பக்கத்தில் முடிவு தெரியாமல் திண்டாடினால் பூக்கட்டிப் பார்ப்பார்கள். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாகக் காகிதத்தில் பொட்டலம் கட்டி, சாமி முன்னால் போட்டு, விவரம் தெரியாத ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் செய்யலாம். என் கல்யாணம்கூட அப்படித்தான் முடிவானது. வெள்ளையை எடுத்துக் கொடுத்த அந்தக் குழந்தை யாருடையது என்று அம்மாவிடம் பலமுறை கேட்டிருக்கிறேன். அவளுக்கு ஞாபகமில்லை.

மகள் கிழித்த தாளிலேயே இரண்டு துண்டு எடுத்தேன். இரண்டு பெயர்களையும் எழுதி மடித்துத் தரையில் போட்டேன்.

"பாப்பா, ஒண்ணு எடுத்துக் குடு."

எடுத்தாள். அனுப்பினேன். சாயங்காலம் அந்தக் குதிரை ஜெயித்தது.

அதற்குப் பிறகு திண்டாடும் நாட்களில் எல்லாம் அவளைக் கூப்பிட்டேன். அவள் எடுத்தவற்றில் ஜெயித்ததும் உண்டு, தோற்றதும் உண்டு. என் அவசரம் தீர்ந்தது, அவ்வளவுதான். இதை நான் என்னோடு வைத்திருக்கலாம். ஒரு சனிக்கிழமை சாப்பாட்டின்போது சிரிப்புக்காகச் சொல்லிவிட்டேன். என் வேலையைப் பற்றி வீட்டில் யாரும் எதுவும் கேட்பதில்லை. கேட்கிற மாதிரி ஒரு கதை கிடைத்ததே என்ற ஆசை.

கணவர் சிரித்தார். அவருடைய தம்பி சிரிக்கவில்லை. கொழுந்தன் அலங்காநல்லூர்ப் பக்கம் குடும்ப நிலத்தைப் பார்த்துக்கொள்கிறவன், என்னைவிட இரண்டு வயது இளையவன். சனிக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு வந்து எங்கள் வீட்டில் தங்குவான். சாப்பிட்ட கையைக் கழுவாமலேயே கேட்டான்.

"நெசமாவா மதினி? புள்ள எடுத்தது ஜெயிக்குதா?"

"சில நேரம் தம்பி. எல்லாம் குருட்டாம்போக்குதான்."

"ஜல்லிக்கட்டுலயும் அப்படித்தான் சொல்லுவாங்க."

மறுவாரம் வரும்போதே அவன் போனில் பந்தயம் கட்டுவதற்கு யாரையோ பிடித்து வைத்திருந்தான். இங்கே அது சட்டப்படி செல்லாது என்று நான் சொன்னதற்கு, "ஓடுறது அங்க, நம்ம இங்கருந்து பாக்குறோம், அம்புட்டுத்தான்" என்றான். என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"இந்தப் படத்தப் பெருசாக்குங்க. நெத்தியில சுழி இருக்கான்னு பாப்போம்."

"குதிரைக்குமா சுழி பாப்பாங்க?"

"மாட்டுக்கே பாக்குறோம், குதிரைக்குப் பாக்க மாட்டாங்களா? வெள்ளக்காரனுக்கு அது தெரியாது. அதான் எடையக் கட்டி ஓட விட்டுட்டு முழிச்சிக்கிட்டிருக்கான்."

அந்த ஆங்கிலப் பெயர்கள் அவன் வாயில் நுழையவில்லை. நிறத்தை வைத்து, சிவந்தது செவலை, சாம்பல் மயிலை, கறுப்பு காரி என்று மாட்டைச் சொல்வதுபோலச் சொன்னான். அதுவரை எண்களாக இருந்தவை அவன் சொன்ன பிறகுதான் எனக்கு உயிருள்ளவையாகத் தெரிந்தன. இதற்காக அவனிடம் நன்றியாக இருந்ததும் உண்டு. அது கொஞ்ச நாள்.

அன்று நான் கழித்துவிட்டு மிச்சம் வைத்த இரண்டு பெயர்களைக் கணவரை எழுதச் சொல்லி அவனே மடித்தான். மகளைக் குளிக்க வைத்து, விபூதி பூசி, சாமி அலமாரி முன்னால் கிழக்கே பார்த்து உட்கார வைத்தான். கணவர் போனில் படம் பிடித்தார். மகள் ஒரு சீட்டை எடுத்தாள். காரி. ஏழு மணிக்குக் காரி கடைசித் தட்டியைத் தாண்டி முன்னால் வந்து ஜெயித்தபோது கொழுந்தன் அவளைத் தூக்கித் தலைக்கு மேலே சுற்றினான்.

"என் தாயி! கைராசிக்காரி! எங்க குலசாமியே வந்து பொறந்திருக்கு!"

பதினாறில் பதினான்கைக் கழித்தவளைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதை எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஆனால் முதலில் வந்தது பயம் இல்லை, பொறாமைதான்.

பிறகு சனிக்கிழமைதோறும் இது நடந்தது. மகளுக்கு அந்த நாள் தெரிந்துவிட்டது. காலையிலேயே பட்டுப்பாவாடை கேட்பாள். ஜெயித்தால் சித்தப்பா பெரிய சாக்லேட் வாங்கித் தருவான், அப்பா தோளில் உட்கார வைத்துத் தெருமுனை வரை கொண்டுபோவார். மற்ற நாட்களில் பைபாஸ் ரோட்டு டயர் கடையை மூடிவிட்டு வரும் அவர் அவளைத் தொட்டுத் தூக்கியதை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஐந்தாவது வாரமோ ஆறாவது வாரமோ, அவள் எடுத்த குதிரை கடைசியில் வந்தது. யாரும் திட்டவில்லை. கொழுந்தன் எழுந்து வாசலுக்குப் போனான். மகள் பின்னாலேயே போனாள்.

"சித்தப்பா, சாக்லேட்டு?"

"ஜெயிச்சாத்தான தாயி."

அவன் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அவள் திரும்பி வந்து சாமி அலமாரி முன்னால் மறுபடி உட்கார்ந்துகொண்டு, "இன்னொரு தடவ எடுக்கட்டா?" என்று கேட்டாள்.

அன்றே கணவரிடம் சொன்னேன்.

"பாப்பாவ இதுல இழுக்க வேண்டாங்க. தோத்துப்போனா பழி அவமேல வரும்."

"நீதான இழுத்த?"

"தெரியாமப் பண்ணிட்டேன். நிறுத்திருவோம்."

"அவன் மனசு விட்டுப்போயிரும்டி. விளையாட்டுத்தான, விடு."

விட்டேன். அண்ணன் தம்பிக்கு நடுவில் மருமகள் புகுந்தாள் என்ற பேர் எனக்கு வேண்டாம். நல்ல பேர் எடுப்பதில் எனக்கிருந்த அக்கறை அப்படி. அதற்குப் பதிலாக, யாரிடமும் சொல்லாமல் ஒன்று செய்தேன். சீட்டை நானே எழுதுகிறேன், எழுத்துப் பிழை வரக்கூடாது என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். இரண்டு சீட்டிலும் ஒரே குதிரையை எழுதினேன்.

அது எனக்கு நியாயமாகத்தான் பட்டது. அவள் எதை எடுத்தாலும் நான் தேர்ந்தெடுத்ததுதான் வரும். தோற்றால் தப்பு என்னுடையது, அவளுடைய கையில் ஒன்றுமில்லை. எடுத்து முடித்ததும் மற்றதைக் கசக்கி அடுப்படிக் குப்பையில் போட்டுவிடுவேன். வாரம் முழுக்க உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். சோறு குழைந்தது, பால் பொங்கியது. மூன்று வாரத்தில் இரண்டு குதிரைகள் ஜெயித்தன. மகள் இரண்டு முறை தோளில் ஏறித் தெருமுனை போய் வந்தாள்.

மார்கழியில் ஒரு பெரிய பந்தயம் வந்தது. கொழுந்தன் காளை வாங்குவதற்காக இரண்டு வருடமாகப் பணம் சேர்த்து வைத்திருந்தான். வாடிவாசலில் அவிழ்த்துவிடத் தன் பெயரில் ஒரு காளை வேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு வேறு ஆசை கிடையாது.

"அம்புட்டையும் போடப் போறேன் மதினி. தை பொறக்கட்டும், கண்ணுக்குட்டி இல்ல, காளையே வாங்கிக் கட்டுறேன் பாருங்க."

"வேணாம் தம்பி. இது நிச்சயமில்லாதது. நான் அத எழுதுறவ, எனக்குத் தெரியும்."

"உங்களுக்குத் தெரியாது மதினி. பாப்பாவுக்குத்தான் தெரியும்." பிறகு அண்ணனைப் பார்த்துச் சிரித்தான். "மதினிக்கு வெண்டைக்கா வாங்கவே அரை மணி நேரம் வேணும்ணே. ஒவ்வொண்ணா ஒடிச்சுப் பாத்துட்டுக் கடைசில கத்திரிக்கா வாங்கிட்டு வருவாக."

கணவரும் சிரித்தார். அவரும் கொஞ்சம் போட்டிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அந்தப் பந்தயத்தில் எனக்கு மிஞ்சியவை ஒரு மயிலையும் ஒரு செவலையும். மயிலை வயதான குதிரை, பதினாறில் அதிக எடை சுமப்பது. விழுந்ததே இல்லை. செவலை இளசு, எடை குறைவு, கடைசி இரண்டு ஓட்டமும் ஒன்று, ஒன்று. வெள்ளிக்கிழமையே மயிலை என்று முடிவு செய்து இரண்டு சீட்டிலும் எழுதி மடித்துவிட்டேன். சனிக்கிழமை காலையில் பார்த்தால் அங்கே இரவெல்லாம் மழை, தரை சேறு. சேற்றில் எடை சுமக்கிற குதிரைக்குக் கால் இழுக்கும். வயதானது வேறு. மயிலை சேற்றில் மூன்று முறை ஜெயித்திருக்கிறது என்று என் குறிப்பிலேயே இருந்தது. அதைப் படித்தேன், மறுபடி படித்தேன், அப்போது இவ்வளவு எடை இல்லையே என்று நினைத்தேன். பன்னிரண்டே முக்காலுக்கு இரண்டு சீட்டையும் கிழித்துப் போட்டுவிட்டு, புதிதாக இரண்டு சீட்டில் செவலையை எழுதினேன்.

சாயங்காலம் மகள் எடுத்தாள். கொழுந்தன் பிரித்து, நிறத்தைக் கேட்டு, "செவலை!" என்று கத்தினான். நான் மற்ற சீட்டை எடுக்கக் கையை நீட்டுவதற்குள், "இருக்கட்டும் மதினி, சாமிகிட்டயே இருக்கட்டும்" என்று சாமித் தட்டில் வைத்துவிட்டான்.

பந்தயத்தைப் போனைச் சுவரில் சாய்த்து வைத்துப் பார்த்தோம். செவலை முன்னால்தான் ஓடியது. கடைசித் தட்டிக்கு வரும்போது அதற்கும் அடுத்த குதிரைக்கும் நல்ல இடைவெளி இருந்தது. தாண்டும்போது பின்னங்கால் தட்டியில் இடித்தது. கழுத்து மடங்கித் தரையில் விழுந்தது. அதைச் சுற்றிக்கொண்டு மயிலை அவசரமே இல்லாமல் போய்க் கோட்டைத் தொட்டது.

"அம்மா, அது விழுந்துருச்சு" என்றாள் மகள். திரையில் ஆட்கள் ஓடி வந்து செவலையைச் சுற்றித் துணிமறைப்பு கட்டினார்கள். "ஏன்மா மறைக்கிறாங்க?"

"தூங்குது பாப்பா."

கொழுந்தன் அதைப் பார்க்கவில்லை. சாமித் தட்டிலிருந்த மற்ற சீட்டைப் பிரித்துக்கொண்டிருந்தான். ஆங்கிலம் வராவிட்டாலும் எழுத்தின் உருவம் ஒன்றா வேறா என்று பார்க்கத் தெரியாதா? இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான்.

"அண்ணே, இங்க பாரு. ரெண்டுலயும் ஒரே பேரு."

கணவர் வாங்கிப் பார்த்தார். "என்னடி பண்ணி வச்சிருக்க?"

"தோத்தா பாப்பாவச் சொல்லக்கூடாதுன்னு..." மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். "அதுக்காகத்தான். வேற எதுக்கும் இல்ல."

"அவள யாரு என்ன சொன்னா?" கொழுந்தன் கத்தவில்லை. அழுகைதான் வந்தது அவனுக்கு. "மயிலை அந்தச் சீட்டுல இருந்திருந்தா புள்ள அதத்தான் எடுத்திருக்கும் மதினி. அது கையக் கட்டிப்புட்டீங்களே. வாடிவாசல்ல என் காளைய நிறுத்தியிருப்பேன். உங்களுக்குப் பொறுக்கலையா?"

அவள் செவலையைத்தான் எடுத்திருப்பாள் என்றும் நிரூபிக்க முடியாது, மயிலையை எடுத்திருப்பாள் என்றும் முடியாது. அவளைப் பழியிலிருந்து காப்பாற்றப் போனேன். அவளுடைய ராசி அன்றுதான் சந்தேகத்துக்கு அப்பாற்பட்டதாக ஆனது.

அதன் பிறகு என்னை அண்ட விடவில்லை. கொழுந்தன் பதினாறு பெயர்களையும் யாரையோ எழுதித் தரச் சொல்லிக் கொண்டுவந்து எவர்சில்வர் சட்டியில் போட்டுக் குலுக்கினான். அதில் பாதி, ஓடி முடிக்கவே முடியாத குதிரைகள். பட்டியலைப் பார்த்தாலே எனக்குத் தெரியும். வாயைத் திறந்தால், "நீங்க பேசாதீங்க மதினி." மகள் கண்ணை மூடிக்கொண்டு, உதடு அசையச் சாமி கும்பிட்டு எடுப்பாள். ஒன்றுகூட ஜெயிக்கவில்லை. ஒவ்வொரு வாரமும் அவள் முதலில் சித்தப்பா முகத்தைப் பார்ப்பாள், அப்புறம் அப்பா முகத்தை. எதைச் செய்தால் அவை மறுபடி சிரிக்கும் என்று தேடுகிற பார்வை அது.

தை கழிந்ததும் கொழுந்தன் நிறுத்திவிட்டான்.

"ராசி போயிருச்சுண்ணே. மதினி என்னைக்கு அதுல பொய்யக் கலந்தாகளோ, அன்னைக்கே போயிருச்சு."

மறுசனிக்கிழமை மகள் தானாகவே குளித்து, பாவாடையைத் திருப்பிக் கட்டிக்கொண்டு, சாமி அலமாரி முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவன் வண்டிச் சாவியை எடுக்க அவளைத் தாண்டித்தான் போக வேண்டும்.

"சித்தப்பா, நான் எடுக்கட்டா?"

"வேணாம் தாயி. போய் விளையாடு."

வேலையை விட்டுவிடலாம் என்று நினைத்தேன். கணவர் போட்ட பணம் திரும்பவில்லை என்பதால் அதுவும் முடியவில்லை. அந்தத் தொப்பிக்காரர் பெயரில் இன்றும் எழுதுகிறேன். செவலையின் பெயர் அதன் பிறகு எந்தப் பட்டியலிலும் வரவில்லை.

ஜூன் மாதம் மகளைப் பள்ளியில் சேர்த்தோம். இரண்டு மாதம் கழித்து வகுப்பு மிஸ் என்னை வரச் சொன்னார். சின்ன வயதுப் பெண். எப்படிச் சொல்வது என்று தயங்கினார்.

"நல்ல பிள்ளைதாங்க. சொன்னா கேட்பா. ஆனா எந்தக் கலர் க்ரேயான் வேணும்னு கேட்டாக்கூட எடுக்க மாட்டேங்கிறா. என் முகத்தையே பாக்குறா. நேத்து, 'தப்பா எடுத்தா நீங்க பேச மாட்டீங்களா மிஸ்'னு கேட்டா. வீட்டுல யாராச்சும் ரொம்பக் கண்டிப்பா?"

"இல்ல மிஸ். கொஞ்சம் கூச்ச சுபாவம்" என்றேன். "என்னைய மாதிரி."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

மறுநாள் காலையில் கட்டிலின் மேல் இரண்டு ரிப்பனை வைத்தேன், நீலம் ஒன்று, பச்சை ஒன்று. பள்ளியில் இரண்டும் அனுமதி. வேன் வர இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

"உனக்கு எது பிடிக்குதோ எடு பாப்பா. எது எடுத்தாலும் சரிதான்."

அவள் ரிப்பனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். நான் முகத்தில் ஒன்றும் காட்டக்கூடாது என்று உறுதியாக இருந்தேன். ஜன்னலைப் பார்த்தேன், கதவைப் பார்த்தேன். அவள் அசையவில்லை. பத்து நிமிடமும் போனது. கீழே வேன் ஹாரன் அடித்தது. ஒரே ஒரு முறை என் கண் நீலத்தின் பக்கம் போயிருக்க வேண்டும்.

அவள் நீலத்தை எடுத்தாள்.